ஒரு வாய் ஜாதிக்காய்த் தண்ணீர்

ஒரு விடுகதை போடுகிறேன், விடை சொல்லுங்கள். அடுப்பில் சோறு வெந்துவிட்டது, அண்டாவில் கஞ்சி இறக்கியாகிவிட்டது, பேரீச்சம்பழம் ஆளுக்கொன்றாகக் கைக்கு வந்துவிட்டது, ஊரில் பாதிப் பேருக்கு நல்ல பசி, ஆனாலும் ஒருவரும் எதையும் வாயில் வைக்கவில்லை. என்ன குறைச்சல்? உப்பு என்றால் தப்பு. தண்ணீர் என்றாலும் தப்பு. இரவுதான் குறைச்சல். பினாங்குத் தீவில், ஒரு நோன்பு மாதத்தில், ஒருநாள் இரவு வரவில்லை. ஏனென்றால் எட்டு வயது அல்லி தன் தம்ளரில் ஒரு வாய் மிச்சம் வைத்திருந்தாள்.

அல்லியின் அப்பா சேவுகன் ஜார்ஜ் டவுனில், பூக்கடையும் பாத்திரக்கடையும் நெருக்கி நிற்கும் தமிழர் தெருவில், ஒரு முடிவெட்டும் கடையில் வேலை பார்த்தார். சிங்கம்புணரிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து அவர் புறப்பட்டு வந்தபோது அல்லிக்கு ஐந்து வயது. அதன் பிறகு அவர் ஊருக்குப் போக வாய்க்கவே இல்லை. ஒரு வருடம் கடையில் ஆளில்லை, அடுத்த வருடம் பெர்மிட் புதுப்பிக்கத் தாமதம், அதற்கடுத்த வருடம் மறுபடி ஆளில்லை. கடைசியில் அம்மா அழகுமீனாள் பள்ளிக்கூடத்தில் லீவு சொல்லிவிட்டு மகளைக் கூட்டிக்கொண்டு தானே விமானம் ஏறிவிட்டாள். ஜாதிக்காய்த் தண்ணீர் விற்கும் மீரான் பாய் தன் வீட்டு மாடியறையை அவர்களுக்கு ஒழித்துக் கொடுத்தார். அவருடைய மகள் நஸ்ரினுக்கும் எட்டு வயது. முதல் நாளே இரண்டு பேரும் ஒரே சீப்பால் தலை சீவிக்கொண்டார்கள்.

இது கடைசி நாள். அம்மாவும் மகளும் ஊர் திரும்ப இரவு விமானம். அதற்குள் ஊர் முழுவதையும் மகளுக்குக் காட்டிவிட வேண்டும் என்று சேவுகன் விடிந்ததும் புறப்பட்டார்; நாலு எட்டு முன்னால் வைப்பதும், திரும்பி நின்று இருவரும் வருகிறார்களா என்று பார்ப்பதும், மறுபடி நாலு எட்டு வைப்பதுமாக நடந்தார். சரிவில் ஏறும் ரயிலில் கொடிமலைக்குப் போனார்கள். மேலேயிருந்து பார்த்தபோது, அக்கரைக்குப் போகும் பாலம் கடல்மேல் உதிர்ந்து கிடந்த ஒற்றைத் தலைமுடி போல இருந்தது. இறங்கி வந்து சீனர் கோவில் குளத்தில் ஆமைகளுக்குக் கீரை கொடுத்தார்கள். அதில் ஒரு கிழட்டு ஆமை கீரையை விட்டுவிட்டு அல்லியின் விரலையே பார்த்துக்கொண்டிருந்தது.

"ஏங்க, இம்புட்டு வேகமாப் பாத்தா ஒண்ணும் மனசுல நிக்காது" என்றாள் அழகுமீனாள்.

"நிக்கிறது நிக்கட்டும் மீனா, உதிர்றது உதிரட்டும். தினமும் கடையில அதத்தான பாக்குறேன்."

மதியம் வாழையிலைச் சாப்பாடு. அல்லி மூன்று அப்பளம் வாங்கினாள். பிறகு ஒரு சந்தில் நின்றுகொண்டே செண்டோல் குடித்தார்கள். தேங்காய்ப்பாலில் மிதந்த பச்சை இழைகளைப் பார்த்து, "அப்பா, இது புழுவா?" என்றாள். "புழுன்னு தெரிஞ்சா ரெண்டாவது கிண்ணம் கேக்க மாட்டியே" என்றார் அப்பா. அவள் யோசித்துப் பார்த்துவிட்டு, "கேப்பேன்" என்றாள். அதன் பிறகு படகில் அக்கரைக்குப் போய் இறங்கி, அடுத்த படகிலேயே திரும்பி வந்தார்கள். அக்கரையில் அவர்களுக்கு ஒரு வேலையும் இல்லை, மேல்தட்டில் நின்று காற்று வாங்குவது ஒன்றுதான் வேலை.

இப்படி எல்லாம் முடிந்து, பெட்டி கட்டுவது மட்டும் பாக்கியிருந்த மாலையில், கடலோர மைதானத்துக்கு வந்து சேர்ந்தார்கள். மீரான் பாயின் வண்டி அங்கேதான் நிற்கும். நோன்பு மாதத்தில் அவர் மாலையில்தான் வண்டியைத் திறப்பார். ஜாதிக்காயின் உள்ளே இருக்கும் கொட்டையை உலகமே வாங்கிப் போகும், வெளியே இருக்கும் சதையைப் பினாங்குக்காரர்கள் சர்க்கரை போட்டுக் காய்ச்சிச் சாறெடுத்துக் குடிப்பார்கள். தேன் நிறத்தில் இருக்கும், முதலில் புளிக்கும், பிறகு இனிக்கும், கடைசியில் மூக்கில் ஏறும்.

"வாங்க வாங்க! நஸ்ரின், ஒன் கூட்டாளி வந்துட்டா பாரு" என்றார் மீரான் பாய்.

நஸ்ரின் கவிழ்த்த மரப்பெட்டியின்மேல் ஒரு எவர்சில்வர் கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அன்று அவளுக்கு முதல் நோன்பு. விடியலுக்கு முன் சாப்பிட்டது, அதன் பிறகு ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. சூரியன் இறங்கிப் பாங்கு சொன்னதும் அந்தக் கிண்ணத்தில் பள்ளிவாசல் கஞ்சி வரும். தெருவில் போகிற வருகிறவர்களெல்லாம், "முதல் நோன்பா? மாஷா அல்லா!" என்று அவள் தலையைத் தொட்டுவிட்டுப் போனார்கள். அவளும் ஒரு சின்ன ராணி போல ஒவ்வொருவருக்கும் தலையசைத்தாள்.

மீரான் பாய் பெரிய கண்ணாடித் தம்ளரில், நிறைய ஐஸ் போட்டு, அல்லிக்கு ஜாதிக்காய்த் தண்ணீர் கொடுத்தார். அல்லி மெதுவாகக் குடித்தாள். முக்காலே மூணு வீசம் குடித்துவிட்டு, அடியில் ஒரு வாய் இருக்கும்போது தம்ளரை வண்டிப் பலகையில் வைத்தாள், இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டாள்.

அப்போது சூரியன் கொடிமலைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் இருந்தது. அது அங்கேயே நின்றுவிட்டது.

முதலில் யாரும் ஒன்றும் நினைக்கவில்லை. நோன்பாளிக்குக் கடைசி நாழிகை நீளமாகத்தான் இருக்கும். மைதானத்துப் புல்லில் பாய் விரித்து உட்கார்ந்திருந்த குடும்பங்கள் தட்டுகளை நேர்ப்படுத்தின, மறுபடி நேர்ப்படுத்தின, பிறகு மூடி வைத்தன. கொஞ்ச நேரம் கழித்து ஒருவர் தன் கைக்கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்த்தார். விநாடி முள் சுற்றிக்கொண்டிருந்தது, நிமிட முள் அசையவில்லை. பக்கத்தில் இருந்தவரிடம் காட்டினார். அவருடையதும் அப்படித்தான். "சரி, அப்ப நம்மளது ரிப்பேர் இல்ல" என்று இரண்டு பேரும் நிம்மதியானார்கள்.

காரணத்தைக் கண்டுபிடித்தவர் மீரான் பாய். வெயில் தம்ளர் வழியாக விழுந்து, பலகையில் ஒரு காசளவுக்கு மஞ்சள் வட்டமாக நின்றது. அவர் வண்டியைத் தள்ளிப் பார்த்தார், வட்டம் அசையவில்லை. இது என்ன என்று அவர் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே, தம்ளரில் கிடந்த ஐஸ் கொஞ்சம் உருகியது, ஒரு வாய் ஒன்றேகால் வாயானது, மைதானத்து மரங்களின் நிழல் ஒரு விரற்கடை குட்டையானது.

"யா அல்லா, ஐஸ் உருக உருக சூரியன் மேல ஏறுதுலா!" என்றார் மீரான் பாய். "நான்தான் கம்மியாப் போட்டிருக்கணும். விருந்தாளியாச்சேன்னு அள்ளிப் போட்டேன்."

அல்லி தம்ளருக்குள் கைவிட்டு ஐஸ் கட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் புல்லில் வைத்தாள். நிழல்கள் பழைய இடத்துக்கு வந்தன. "நல்ல பிள்ளை" என்றார்கள் சுற்றி நின்றவர்கள். அப்படியே சேதி பரவியது: இன்ன இடத்தில், இன்னாருடைய மகள், ஒரு வாய் மிச்சம் வைத்திருக்கிறாள், அதனால்தான். கேட்டவர்கள், மின்சாரம் போனதற்குக் காரணம் தெரிந்துகொண்டவர்கள் போல, "அப்படியா, சரி சரி" என்று அவரவர் ஏற்பாட்டைப் பார்க்கப் போனார்கள்.

பெண்கள் ஆறிப்போன கறியை மறுபடி சூடாக்கினார்கள். இரவுக்கடை போடுகிறவர்கள் விளக்கை எரிய விடலாமா வேண்டாமா என்று பேசிப் பாதி விளக்கை எரியவிட்டார்கள். பகல் காவலாளி வீட்டுக்குப் போக முடியாமலும் இரவுக் காவலாளி வேலையில் சேர முடியாமலும் ஒரே வாசலில் இரண்டு பேரும் நின்றார்கள்; பல வருடங்களாகச் சாவியை மட்டும் மாற்றிக்கொண்டிருந்தவர்கள் அன்றுதான் ஒருவருக்கொருவர் எத்தனை பிள்ளைகள் என்று விசாரித்தார்கள். சுற்றுலாப் பயணிகள் சூரியனோடு படமெடுத்தார்கள், எடுத்தார்கள், எடுத்து அலுத்துப்போய்ச் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார்கள். மரக்கிளைகளில் வௌவால்கள் ஒரு சிறகை விரித்துப் பார்த்து மடக்கிக்கொண்டன. விமான நிலையத்தில், இரவு விமானம் இரவில்தான் கிளம்பும், இரவு வந்ததும் அறிவிக்கிறோம் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். பயணிகளும் அதில் தப்பொன்றும் காணவில்லை.

பள்ளிவாசலிலிருந்து இமாம் நடந்து வந்தார். வெள்ளைத் தாடிக்குள் சிரிப்பை வைத்திருக்கும் மனிதர். கண்ணுக்குமேல் கைவைத்துச் சூரியனைப் பார்த்தார், பிறகு தம்ளரைப் பார்த்தார்.

"அஜரத்து, கடியாரப்படி பாத்தா..." என்று ஒருவர் இழுத்தார்.

"கடியாரம் எங்கப்பா ஓடுது? சூரியன் எறங்கல, நோன்பு முடியல. முடியாதவங்க, வயசானவங்க, பிள்ளைங்க தொறந்துக்கலாம். மத்தவங்க பொறுத்துக்குங்க. மனுசனுக்கு இவ்வளவு நீளமான நோன்பு கெடைக்கிறது சும்மாவா?"

"பிள்ளைகிட்ட ஒரு வார்த்தை சொன்னா என்னங்க? குடிச்சிடுமான்னு?"

இமாம் அந்த ஆளை மேலும் கீழும் பார்த்தார். "வீட்டுக்கு வந்த விருந்தாளிகிட்ட, சீக்கிரம் குடிச்சு முடிங்க, நாங்க சாப்பிடணும்னு சொல்லுவியா நீ? எந்த வீட்டுப் பழக்கம்யா அது?"

அவர் வெட்கப்பட்டுப் பின்னால் போய்விட்டார். இதுதான் சங்கடம். தீவில் எல்லாருக்கும் பசி, எல்லாருக்கும் காரணம் தெரியும், ஆனால் விருந்தாளியின் தம்ளரை அவசரப்படுத்தும் வழக்கம் அங்கே எந்தச் சாதிக்கும் எந்த மதத்துக்கும் கிடையாது. இரவில் மட்டும் வண்டி போடும் சீனக் கிழவர் ஹொக், குச்சியில் கோத்த மீன் உருண்டைகளை ஈரத்துணியால் மூடிவிட்டு வந்து, மீரான் பாயிடம் கற்ற தமிழில், "தங்கச்சி, மெதுவா, மெதுவா. நான் சும்மா பாக்க வந்தேன்" என்றார். தம்ளருக்கு வெயில் படாமல் ஒரு குடையையும் விரித்து வைத்தார். "ஆவியாப் போச்சுன்னா நாங்கதான் குடிச்சோம்னு சொல்லிடுவாங்க" என்று அவர் சொன்னதைக் கேட்டு மீரான் பாய் சிரித்த சிரிப்பில் அவருடைய வறண்ட உதடு வெடித்துவிட்டது.

அழகுமீனாளுக்குத்தான் உட்கார முடியவில்லை. மீரான் பாயிடம் மெல்லச் சொன்னாள்: "தப்பா நெனைக்காதீங்க பாய். எங்க வீட்டுல ஒரு வழக்கம். பயணம் போறவங்க ஒரு வாய் மிச்சம் வச்சிட்டுத்தான் எந்திரிப்பாங்க. அந்த மிச்சத்த வேற யாரும் தொடமாட்டாங்க. மிச்சம் இருந்தா ஆளு திரும்பி வந்துரும்னு ஒரு இது. அவ வச்சத அவதான் எடுக்கணும்."

"எங்கூட்டுல வச்சிட்டுப் போறது எங்களுக்குப் பெருமைதானேம்மா" என்றார் மீரான் பாய். "அதுக்கென்ன இப்ப அவசரம்."

சேவுகனின் சட்டைப் பையில் எப்போதும் ஒரு சீப்பும் கத்தரிக்கோலும் இருக்கும். நீண்டுகொண்டே போன அந்த மாலையில் அவற்றை எடுத்து, காத்திருந்தவர்களில் காதுமேல் முடி வளர்ந்தவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சரிசெய்துவிட்டார். இமாமின் மீசையை ஒதுக்கினார். ஹொக் கிழவரின் பிடரியை மழித்தார். எல்லாரும் முடிந்த பிறகு அல்லியை முன்னால் நிறுத்தி, கண்ணில் விழுந்த முன்முடியை வெட்ட ஆரம்பித்தார். ஒரு இழை, அப்புறம் ஒரு இழை. கடையில் அவர் இப்படி வெட்டினால் முதலாளி விரட்டிவிடுவார்.

"அப்பா."

"ஆடாத."

"நீங்க ஊருலேருந்து கெளம்பினப்ப ஒரு தம்ளர்ல மிச்சம் வச்சீங்கள்ல? மோர்."

"ஆமா."

"அத நான் குடிச்சிட்டேன். தாகமா இருந்துச்சு. அம்மாகிட்ட சொல்லல." அவள் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள், மூக்கின்மேல் வெட்டிய முடி ஒட்டியிருந்தது. "அதான் நீங்க வரவே இல்ல. இத யாராவது குடிச்சிட்டாங்கன்னா நான் இங்க வரமாட்டேன். நீங்களும் அங்க வரமாட்டீங்க."

கத்தரிக்கோல் நின்றது. அழகுமீனாள் கணவரின் முழங்கையைத் தொட்டு, "அடுத்த வருசம் வந்துருவேன்னு சொல்லுங்களேன்" என்று முணுமுணுத்தாள்.

"வராமப் போனா?" என்றார் சேவுகன். பிறகு மகளின் மூக்கில் இருந்த முடியை ஊதிவிட்டார். "எனக்குத் தெரியல அல்லி. வரப் பாப்பேன். மொதலாளி விடணும், பேப்பர் வரணும். வருவேன்னு சொல்லி ஒன்னய ஏமாத்த மாட்டேன். நீ மோரக் குடிச்சதால நான் வராம இருந்தனா, அதுவும் எனக்குத் தெரியல. எனக்குத் தெரிஞ்சது, இப்ப ஒன் முடி வலது பக்கம் கொஞ்சம் தூக்கலா இருக்கு."

"வெட்டுங்க."

"வெட்டுறேன். மெதுவா வெட்டுறேன்."

அவருக்கும் அந்தத் தம்ளரை எடுத்துக் கொடுக்கக் கை வரவில்லை. அப்பாவும் ஒரு வாய் பகலை வைத்துக்கொண்டுதான் நின்றார். பார்த்தவர்களுக்கு அது தெரிந்தது, தெரிந்தபடியால் அவர்கள் கடலைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்கள்.

வெட்டி முடிந்து, முடியைத் தட்டிவிட்டு, அல்லி நஸ்ரினின் பெட்டியில் இடம் பிடித்து உட்கார்ந்தாள். மற்றப் பிள்ளைகளெல்லாம் எப்போதோ நோன்பைத் திறந்துவிட்டு மைதானத்தில் ஓடிக்கொண்டிருந்தார்கள். நஸ்ரின் மட்டும் அப்படியே இருந்தாள். அவளுடைய அத்தா மீரான் பாய் மூன்று தடவை கஞ்சியோடு வந்து, "அஜரத்தே சொல்லிட்டாரும்மா, பிள்ளைங்க தொறக்கலாம்" என்று சொல்லிப் பார்த்தார். "மொத நோன்பு பாதி நோன்பாப் போயிடும்" என்று அவள் மூன்று தடவையும் கிண்ணத்தைக் கவிழ்த்துக்கொண்டாள். ராணி போல ஆடிய தலை இப்போது ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. உதட்டில் வெள்ளை வெள்ளையாகத் தோல் உரிந்திருந்தது.

"பசிக்குதா?" என்றாள் அல்லி.

"இல்ல."

"தாகம்?"

"இல்ல." நஸ்ரின் எச்சில் விழுங்கப் பார்த்தாள், விழுங்க ஒன்றும் இல்லை. "கொஞ்சம்."

"எம் மேல கோவமா?"

"ஏன்லா கோவம்? நீ வச்சிக்கோ. நீ போயிட்டா நானும்தான் தனியா இருக்கணும். எனக்கும் ராத்திரி வேணாம்."

"ஒனக்கு வேணாமா?"

"தண்ணிதான் வேணும். ராத்திரி வேணாம்."

மைதானத்தில் ஆறாவது முறையாகக் கறி சூடாகும் வாசனை வந்தது. நஸ்ரின் கண்ணை மூடினாள். மடியிலிருந்த கிண்ணம் சரிந்தது, அல்லி அதைப் பிடித்து நிமிர்த்தி, கூட்டாளியின் இரண்டு கையையும் எடுத்து அதைச் சுற்றி வைத்தாள். பிறகு எழுந்து வண்டிக்குப் போனாள். ஹொக் கிழவர் குடையை விலக்கினார். மீரான் பாய் எதையோ துடைப்பது போலக் குனிந்துகொண்டார். அழகுமீனாள் ஒரு எட்டு முன்னால் வைத்தாள். சேவுகன் சீப்பைத் துடைத்துப் பையில் வைத்தார். புல்லில் உட்கார்ந்திருந்தவர்கள், பார்க்கவில்லை என்று காட்டிக்கொண்டு, எல்லாரும் பார்த்தார்கள்.

அல்லி தம்ளரை எடுத்து வந்து, மிச்சமிருந்த ஒரு வாயையும் நஸ்ரினின் கிண்ணத்தில் ஊற்றினாள். கொடிமலைக்கு மேலே நின்றிருந்த சூரியன் இறங்கத் தொடங்கியது.